கிணற்று நீரும் நமது கடமையும்

நீரைப்பற்றி எழுதப் புகுவோர் மழையைப் போற்றித் தொடங்குதல் நம் நாட்டுப் புலவர் வழக்கு. யாம் அவ்வழக்கினின்றும் சிறிது விலகிக் கிணற்றைக்கொண்டு தொடங்குகின்றோம். காரணம் யாதெனின், யாம் பேச எடுத்துக்கொண்ட கொங்கு நாட்டிலே மழை சிறிது, கிணறே பெரிது. மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்த அந்நாட்டில், உழவர் பாறையைப் பிளந்து கிணறு தோண்டி, கவலை பூட்டி இறைத்து, பருத்தியும் சோளமும் கம்பும் விளைவித்து வாழ்ந்தனர். ஒருவர்க்கு எத்தனை ஏக்கர் நிலம் உண்டு என்று கேட்குமுன், அவர் கிணற்றில் நீர் எவ்வளவு நிற்கும் என்று கேட்டனர். அத்தகைய கிணறுகளின் நீர் இன்று வழங்கத்தக்கதா, தகாததா என்பதை அறிவார் யார்? அறிந்து ஊரார்க்கு அறிவிக்கும் பொறுப்பு யாருடையது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வினாக்கள் எம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. அதனை மறையாது கூறுதல் எம் கடமை. ஏனெனில் அதில் எம் பிழையும் உண்டு.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். திருப்பூருக்கு மேற்கே, தோட்டங்களும் பனியன் கம்பெனிகளும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் ஓர் ஊரில் அவ்வில்லம் உள்ளது. வீட்டின் பின்புறத்தே 40 அடி ஆழமுள்ள பழைய கிணறு ஒன்று உண்டு. குடிநீர் குழாயில் வருதலின், கிணற்று நீரைக் குளிக்கவும், பாத்திரம் துலக்கவும், மாட்டுக்கு வைக்கவும் வழங்கினர். குழாயில் நீர் வாராத நாள்களிற் குடித்தும் வந்தனர். ஒருநாட் காலையில் தோழரின் பாட்டியார் வாளியை முகந்து, முகர்ந்து பார்த்து, “தண்ணி சீமெண்ணெய் வாடை அடிக்குது கண்ணு, பத்து நாளா எருமை வாய் வெக்க மாட்டேங்குது” என்றார். வீட்டார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. முதுமையால் அங்ஙனம் கூறுகின்றார் என்றனர். யாமோ, கல்லூரியிற் படிப்பவர் என்னும் செருக்கினால், “பரிசோதித்துப் பார்த்துடலாமுங்க, அப்பத்தா” என்று வாக்களித்துவிட்டோம்.

அதன்பின் யாம் செய்தவை அனைத்தும் பிழை. கடையில் வாங்கிய குடிநீர்ப் புட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. கிணற்று மோட்டாரை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, தொட்டியில் வந்து விழும் நீரை அப்புட்டியில் முக்காற்பங்கு பிடித்தோம். அஃது இரண்டு நாள் திண்ணையில் இருந்தது. மூன்றாம் நாள் நண்பகல் வெயிலில் எம்மோடு பஸ்ஸிற் பயணம் செய்தது. பரிசோதனைச் சாலையில் எதனைப் பரிசோதிக்க வேண்டும் என்று வினவினர். குடிக்கலாமா என்று பாருங்கள் என்றோம். அவர்கள் வழக்கம்போல் நீரின் காரத்தன்மை, கடினத்தன்மை, கரைந்துள்ள உப்பு, குளோரைடு முதலியவற்றைப் பார்த்து, எல்லாம் வரம்பிற்கு உட்பட்டன என்று ஒரு தாள் தந்தனர். அத்தாளில் எழுதியது ஒன்றும் பொய்யன்று. கேட்டதற்கு விடை கூறிற்று, கேளாததற்குக் கூறவில்லை. ஆயினும் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்த நாள்முதல் வீட்டார் ஐயம் நீங்கினர். பாட்டியார் மட்டும் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மூக்கில்லையே கண்ணு” என்றார். யாம் நகைத்தோம்.

மூன்று திங்கள் கழித்து, எம் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதனைக் கூறினோம். அவர் நகைத்திலர். பெட்ரோல், டீசல் முதலிய எரியெண்ணெய்களின் கூறுகளுட் பல எளிதில் ஆவியாய்ப் பறந்துவிடும் என்றும், முழுதும் நிரம்பாத புட்டியில் நீரை விட்டு அவை மேலேயுள்ள வெற்றிடத்திற் புகுந்துவிடும் என்றும், மூடியைத் திறந்த நொடியில் யாம் தேடிய பொருள் காற்றோடு போயிருக்கும் என்றும் விளக்கினார். அன்றியும், எரியெண்ணெய் நீரினும் இலேசானது, நீரின்மேல் மிதப்பது. கிணற்றின் அடியிற் கால்வைத்து இழுக்கும் மோட்டார் மேலே மிதப்பதை எங்ஙனம் கொணரும்? எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் எண்ணெய்க் கூறுகளைத் தேடுவதே இல்லை. தனியே கேட்டாலன்றி அவை அட்டவணையில் வாரா.

அவர் கற்பித்த முறைப்படி மறுபடியும் நீர் எடுத்து அனுப்பினோம். இம்முறை எரியெண்ணெய்க் கூறுகள் இருப்பது தெளிந்தது. கிணற்றின்மேல் பலகையிட்டு மூடினர். அவ்வெண்ணெய் அண்மையிலுள்ள பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டியினின்றும் கசிந்ததோ, பக்கத்துக் கம்பெனியின் ஜெனரேட்டர் கொட்டகையிற் சிந்தியதோ, பாதையோரத்தில் லாரி பழுதுபார்ப்போர் கழித்துவிட்டதோ, இன்றளவும் தீர்ந்தபாடில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுகின்றனர். கிணறு முன்னர் எந்நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு வரி எழுத்தேனும் எவரிடத்தும் இல்லை. இடைப்பட்ட மூன்று திங்களும் அவ்வீட்டுச் சிறுவர் அந்நீரிற் குளித்தனர். குழாய் வறண்ட நாள்களிற் குடித்தனர். யாம் கொணர்ந்த தாளே அவர்கட்குத் துணிவு தந்தது.

பரிசோதியாது விடுதல் தீது. தவறாகப் பரிசோதித்து நன்றென்று கூறுதல் அதனினும் தீது. ஐயமுள்ளவன் எச்சரிக்கையோடிருப்பான், பொய்த் தேற்றம் பெற்றவன் எச்சரிக்கையையும் இழப்பான். ஆதலின் எம் அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறுவோம். கிணறுகளின் நீரைத் தீங்கு தோன்றுமுன்னரே பரிசோதிக்க வேண்டும். அறிந்தோர் முறைப்படி, குறித்த காலந்தோறும் பரிசோதிக்க வேண்டும். கண்ட முடிவை அந்நீரைக் குடிப்போர் செவிகேட்க வாசிக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் மற்ற இரண்டும் பயன்படா.

இதனைத் திருப்பூரில் வைத்துப் பேசுதற்குத் தக்க காரணம் உண்டு. நீரின் சாட்சியத்தைக் காலத்திற் கேளாமையால் விளையும் கேட்டை அந்நாடு ஒருமுறை பட்டறிந்துள்ளது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியிற் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்திற் காவிரியோடு கலக்கும் நொய்யலாற்றைப் பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி எனப் போற்றுகின்றது. அதன் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்து பார்த்தோர், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு மணிகள் இழைத்து வாணிகம் செய்தோர் வாழ்ந்தமைக்குச் சான்று கண்டனர். அத்தகைய ஆற்றில் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிற் சாயக்கழிவு பெருகிற்று. பருத்தியிற் சாயம் நன்கு பற்றுதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சமையலுப்பாகிய சோடியம் குளோரைடும், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டும் அதற்கு வழங்குவன. சாயத்தை நூலிற் செலுத்திவிட்டு உப்பு நீரிலேயே தங்கிவிடும். கழிவின் நிறத்தைச் சுண்ணாம்பு முதலியன இட்டுப் பெரிதும் போக்கலாம். உப்பு அவற்றுக்கு அடங்குவதன்று.

பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்திற் கட்டிய அணை 1992-ஆம் ஆண்டு முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வணை சாயக்கழிவு நிற்கும் குட்டையாயிற்று. கரையோரத்துக் கிணறுகள் உவர்த்தன. உவர்நீர் பாய்ந்த வயல்கள் கெட்டன. குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமிற்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 2000 வரையிற் பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது. அவ்வரம்பைக் கடந்த கிணறுகள் எத்தனையோ. நொய்யல் ஆயக்கட்டு உழவர் சங்கமாய்க் கூடிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். 2006 டிசம்பரில், கழிவுநீர் ஒரு துளியும் வெளிவிடலாகாது என்னும் நிலையை எய்துமாறு பட்டறைகட்கு ஆணை பிறந்தது. 2009-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாமை கண்ட உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் நாள் திருப்பூரின் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை அனைத்தையும் மூடுமாறு பணித்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒருங்கே அடைபட்டன. கூலியை நம்பிய குடும்பங்கள் தெருவில் நின்றன. அதன்பின்னரே கழிவுநீரிலிருந்து உப்பையும் நீரையும் பிரித்து மீண்டும் வழங்கும் ஏற்பாடுகள் வலுப்பெற்றன.

உழவர் வென்றனர் என்று சிலர் கூறுவர். தொழிலாளர் தோற்றனர் என்று வேறு சிலர் கூறுவர். யாம் கூறுவது வேறு. கிணறுகளின் நீரை முதலிலிருந்தே எடுத்து அளந்து, ஆண்டுதோறும் உப்பு ஏறுவதை ஊரறியக் காட்டியிருந்தால், சிறு செலவில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் இத்துணைப் பெரிய அழிவுவரையிற் சென்றிராது. நோயின் தொடக்கத்தில் நாடி பாராதவன் முடிவிற் கத்தியைத் தாங்கவேண்டும்.

இனி, சாயத்திற்கும் எரியெண்ணெய்க்கும் உள்ள வேற்றுமையை நண்பர்கள் கருதிப் பார்க்க வேண்டுகின்றோம். சாயத்தைக் கண் காணும். உப்பை நாக்கு உணரும். ஆற்றில் ஓடிய செந்நிறமும் நீலநிறமுமே உழவரை எழுப்பிய பறையொலிகள். பெட்ரோலிலுள்ள பென்சீன் என்னும் பொருளுக்கோ நிறம் இல்லை. நெடுநாள் உட்கொள்வோர்க்கு இரத்தப் புற்றுநோய் விளைக்க வல்ல அதனைக் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமிற்கு மேற்படாதிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன் வாடையை நீரில் மனிதர் மூக்கு உணர்வதற்கோ லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் வேண்டும் என்றும் அந்நிறுவனமே கூறுகின்றது. ஒன்று மற்றொன்றைப்போல் ஆயிரம் மடங்கு. அஃதாவது, மூக்கு எச்சரிக்கும் முன்னரே வரம்பு நெடுந்தூரம் பின்னே சென்றுவிடும். எம் தோழரின் பாட்டியார்க்கு வாடை எட்டியது, எண்ணெயிற் கலந்திருந்த ஏனைக் கூறுகளின் உதவியால். அவ்வுதவி எல்லாக் கிணற்றிலும் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

மற்றும் ஒரு செய்தி உண்டு. கிணறுகள் கெட்டபின் திருப்பூர் வட்டாரத்தார் பவானி, காவிரி நீரைக் குழாய்வழியாகப் பெற்றுக் குடிக்கலாயினர். அது நன்றே. ஆனால் அதனோடு ஒரு காவலும் போயிற்று. நாள்தோறும் குடித்தவன் நீர் சற்று மாறினும் அறிந்தான். இப்பொழுது கிணற்று நீர் “சப்பைத் தண்ணி” என்று ஒதுக்கப்பட்டு, துலக்கவும் துவைக்கவும் மட்டும் உரியதாயிற்று. அதனைச் சுவைத்துப் பார்ப்பார் இல்லை. சுவைப்பார் ஒழிந்த அதே காலத்தில் எரியெண்ணெய் எங்கும் பெருகிற்று. 2012-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்தபோது, பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரைக் கொண்டே இயந்திரங்களை ஓட்டின. தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளுக்குக் கணக்கில்லை. பெட்ரோல் பங்க்குகளின் தொட்டிகள் எல்லாம் நிலத்தின்கீழ் உள்ளன. எரியெண்ணெய் எங்கெங்கும் கசிந்துவிட்டது என்று யாம் பழி கூறவில்லை. கசிந்ததா என்று கேட்பார் இல்லை என்றே கூறுகின்றோம்.

கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழர் வாழும் இரண்டு இடங்களைச் சான்று காட்டலாம். சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013-ஆம் ஆண்டு வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நீர் வரலாயிற்று. தெருவின்கீழ்ச் சென்ற எண்ணெய்க் குழாய் ஒன்றின் கசிவே காரணம் என்று தெரிந்தது. மண்ணின்கீழ் நடந்த கசிவு வெளிப்பட்ட இடம் மக்கள் அடுக்களை. பசுமைத் தீர்ப்பாயம்வரை அவ்வழக்குச் சென்றது. மண்ணைவிட்டு எண்ணெயை நீக்குதல் எத்துணை அரிது என்பதை அவ்வூரார் ஆண்டுக்கணக்கிற் கண்டனர்.

மற்றொன்று யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கு வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் கீழ்த் தேங்கும் நீரும் அதனை எட்டும் கிணறுகளுமே மக்கட்கு உயிர். அவ்வூர் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் தோன்றிற்று என்று மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையார் கிணறுகளின் நீரை எடுத்துச் சோதித்துப் பலவற்றில் எண்ணெய் வரம்பு கடந்திருப்பதாகக் கூறினர். மாகாண ஆட்சியார் அமைத்த வல்லுநர் குழுவினரோ, தீங்கு தரும் எண்ணெய்க் கூறுகள் இல்லை என்றனர். ஒரே மண், ஒரே நீர், இரண்டு முடிவுகள். மக்கள் எதனை நம்புவர்? தாய்மார் எக்குடத்தை இடுப்பில் ஏந்துவர்? இறுதியில் இலங்கை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4-ஆம் நாள், நீர்வழங்கற் சபையாரின் சோதனையை ஏற்று, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தருமாறு தீர்ப்பளித்தது. கிணறுகளின் நீரை முறையே எடுத்து எழுதிவைத்தோர் இருந்தமையாலன்றோ அத்தீர்ப்பு இயன்றது? எழுதி வைத்த எண்களே வாயில்லாத கிணற்றுக்கு வாயாயின.

இவ்வாறு நீர் எடுத்தல் எத்தகைய செயல் என்பதை, எம் பேராசிரியரிடம் கற்றவாறு சிறிது விரித்துரைப்போம். முதலாவது, கிணற்றில் நீர் எத்துணை ஆழத்தில் நிற்கின்றது என்று அளந்து எழுதவேண்டும். ஒரே மட்டத்தினின்றும் அளந்த மூன்று கிணறுகளின் நீர்மட்டம் தெரிந்தால், நிலத்தடி நீர் எப்பக்கம் சாய்ந்து செல்கின்றது என்பதை ஒருவாறு உய்த்துணரலாம். ஐயத்திற்குரிய தொட்டிக்கு மேல்புறத்தில் ஒரு கிணறும், நீர் செல்லும் கீழ்ப்புறத்திற் சில கிணறுகளும் சோதிக்கப்படல் வேண்டும். மேல்புறக் கிணறு தூயதாகவும் கீழ்ப்புறக் கிணறு கெட்டதாகவும் இருந்தாலன்றிக் குற்றத்தைத் தொட்டியின்மேல் ஏற்றலாகாது. கொங்கு நாட்டுப் பாறையில் நீர் வெடிப்புகளின் வழியே செல்வதாதலின், அண்மைக் கிணறு தப்பச் சேய்மைக் கிணறு கெடுதலும் உண்டு. ஒரு கிணற்றைப் பார்த்து ஊர்க்கெல்லாம் தீர்ப்புக் கூறலாகாது.

இரண்டாவது, நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கின்றதா என்பதை, நீரைக் கலக்குமுன் பார்க்கவேண்டும். ஆழ்துளைக் கிணறாயின், அதன்பின் குழாயிலே தேங்கிய பழைய நீரை மெல்ல வெளியேற்றி, நீரின் வெப்பமும் உப்பளவும் மாறாது நிலைபெற்றபின் எடுக்கவேண்டும். எடுக்கும் நீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில், குமிழி ஒன்றும் தங்காதவாறு விளிம்பளவு நிரப்பி இறுக மூடவேண்டும். நுண்ணுயிர்கள் எண்ணெய்க் கூறுகளைத் தின்றுவிடாதபடி சில துளி அமிலம் இடுவர். குப்பியை உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 14 நாளுக்குள் பரிசோதித்தல் வேண்டும். தூயநீர் நிரப்பிய குப்பி ஒன்றையும் உடன்கொண்டு சென்று மீளவேண்டும்; அதிலும் எண்ணெய் காணப்படுமாயின், குற்றம் கிணற்றினது அன்று, எடுத்தவரது என்று அறியலாம். தூய கிணற்றில் முதலிலும் ஐயமுள்ள கிணற்றிற் பின்னும் எடுக்கவேண்டும். பெட்ரோல் பட்ட கையோடும், ஓடும் ஜெனரேட்டரின் அருகிலும் எடுக்கலாகாது. எந்நாள், எந்நேரம், எவர் எடுத்தார், எவர் கையில் ஒப்புவித்தார் என்பவை அனைத்தும் எழுதப்படல் வேண்டும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் தமிழ் மாணவராகிய எமக்கு இம்முறை புதிதாகத் தோன்றவில்லை. ஏடு எங்குக் கிடைத்தது, எவர் பெயர்த்தெழுதினார் என்று தெரியாத பாடத்தை யாம் நம்புவதில்லை. எங்ஙனம் எடுத்தது என்று தெரியாத நீரையும் நம்புதற்கில்லை.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அதிகாரிகள் கழிவுநீரை எடுக்குங்கால் அவ்விடத்தார்க்கு அறிவித்து, இரு பகுதியாக்கி, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிடல் வேண்டும் என்று விதிக்கின்றது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் தம் நோக்குக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறையும், நீரின் தன்மையைப் பெரும்பாலும் ஒருமுறையும் நெடுங்காலமாகப் பார்த்து வந்துள்ளனர். இவை போற்றத்தக்கன. ஆயினும் பரந்த நாட்டிற்கு அக்கிணறுகள் சில. பங்க்கிற்கு அடுத்த வீட்டுக் கிணறு அவற்றுள் ஒன்றன்று.

இதற்கு மாறாகக் கூறப்படும் தடைகள் மூன்று. கிணற்று நீரை இக்காலத்திற் குடிப்பார் யார் என்பர் சிலர். குழாய் நீர் நின்ற அன்றைக்குக் குடிப்பார். அன்றியும் குடியாத நீரிற் குளிக்கின்றோம், அதனை மாடு குடிக்கின்றது, அதன் ஆவி நம் மூக்கிற் புகுகின்றது. இத்தகைய பேச்சுத் தொழிலுக்குக் கேடு என்பர் வேறு சிலர். தொழிலுக்குக் கேடு செய்தது பேச்சன்று, பேசாமை என்பதை 2011-ஆம் ஆண்டு காட்டிற்று. தூய தொட்டி வைத்திருப்பவர்க்குப் பரிசோதனை பகையன்று. அவரைப் பழியினின்றும் காக்கும் துணை. செலவு மிகுதி என்பர் மூன்றாமவர். எண்ணெய்ப் பரிசோதனைக்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே. அதனை ஏழைக் கிணற்றுக்காரர் தலையிற் கட்டலாகாது. நிலத்தடியில் எண்ணெய் வைத்து ஊதியம் பெறுவோரே தாங்கவேண்டும். மாசு செய்தவரே பொருள் தரவேண்டும் என்னும் நெறியை, வேலூர்ப் பக்கத்துத் தோற்பதனிடும் சாலைகளைப் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டே உச்சநீதிமன்றம் ஏற்றுள்ளது. தீங்கு வருமுன் காத்தலும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்ட நெறியே.

ஆதலின் யாம் வேண்டுவன இவை. நிலத்தடித் தொட்டி உள்ள ஒவ்வோரிடத்திலும் மேல்புறத்தும் கீழ்ப்புறத்தும் நோக்குக் கிணறு அமைத்து, மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறையேனும் சோதிக்கவேண்டும். சோதிப்பவர் தொட்டிக்காரரிடம் நேரே கூலி பெறாதவராய் இருத்தல் வேண்டும். பணம் வாரியத்திற்குச் சென்று அங்கிருந்து அவர்க்கு வரலாம். முடிவுகளைக் கிராம சபையில் தமிழில் வாசித்துப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டவேண்டும். நான்காவது வேண்டுகோள் அரசாங்கத்திற்கு அன்று, மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு. நம் கல்லூரியில் இரசாயன மாணவர் உளர், கருவிகள் உள, விடுமுறையில் ஊர் திரும்பும் கொங்கு நாட்டுத் தோழரும் பலர் உளர். ஒவ்வொருவரும் தம் ஊரில் இரண்டு கிணறுகளை ஏற்று, நீர்மட்டத்தையும் உப்பளவையும் விடுமுறைதோறும் அளந்து ஒரே குறிப்பேட்டில் எழுதுவராயின், பெருஞ்செலவின்றி முன்னிலைச் சான்று ஒன்று உண்டாகும். எண்ணெய்ப் பரிசோதனையை மட்டும் பயின்றோர் கையில் விடுவோம். அரைகுறை அறிவால் விளைந்ததை யாம் அறிந்துள்ளோம்.

ஆபிரகாம் காலத்துத் துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்தனர் என்றும், ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டினான் என்றும் ஆதியாகமத்திற் படிக்கின்றோம். மண் நிரம்பிய கிணற்றைத் தோண்டி மீட்கலாம்; எண்ணெய் புகுந்த கிணற்றைத் தோண்டி மீட்டல் அரிது. பிறர் செய்த பகையைக் காட்டிலும் நாம் பாராதிருந்த பகை பெரிது.

எம் தோழரின் வீட்டுக் கிணறு இன்னும் பலகையிட்டே இருக்கின்றது. கடைசியாகச் சென்றபோது பாட்டியாரிடம் யாம் பிழைபொறுக்க வேண்டினோம். அவர், “நீ படிச்சவன், கண்ணு, இனி முதல்ல எங்களக் கேட்டுட்டு அப்புறம் சோதிச்சுப் பாரு” என்றார். நீரோடு நாள்தோறும் பழகுவோர் கூறுவதைக் கேட்டலே பரிசோதனையின் முதற்படி என்று அன்று கற்றோம். வரும் கோடை விடுமுறைக்குக் குறிப்பேடு ஒன்று வாங்கி வைத்துள்ளோம். அதன் முதற்பக்கத்தில் அக்கிணற்றைக் குறித்துள்ளோம். எஞ்சிய பக்கங்களில் தத்தம் ஊர்க் கிணறுகளை எழுத முன்வரும் நண்பர்கள் விடுமுறைக்கு முன்னர் எம்மிடம் பெயர் தருவார்களாக.